லைன் காலி

"க்ரீ... ங்ங்ங்... க்ர்ர்ர்..."

ரிசீவரைக் காதில் வைத்த கிழவர் பானோங், அதைப் படாரென்று திரும்ப வைத்தார்.

"ஆரம்பிச்சுட்டா! ஞாயிறு ஆறு மணி ஆனா போதும், இவளுக்கு இன்டர்நெட் வந்தாகணும்!"

மலபோன் ஊரின் அந்தச் சந்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே டெலிபோன் லைன். ஒருவர் பிடித்துக்கொண்டால் மற்றவர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பக்கத்து வீட்டு மெடிங் கம்ப்யூட்டரில் டயல்-அப் போட்டால், பானோங் வீட்டு போன் வெறும் டப்பா.

ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் மகள் நெனிடா கூப்பிடுகிற நேரம் அது. அவள் குரலைக் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. எப்படிக் கேட்பது? கூப்பிட்டால் எங்கேஜ்டு அல்லவா வரும்!

நடுவில் இருந்த பலகைச் சுவரில் ஓங்கிக் குத்தினார்.

"ஏய் மெடிங்! லைனை விடு!"

"இதோ ஆச்சு, மாங் பானோங்!" என்று, பெரியவருக்குரிய அந்த 'மாங்' மரியாதையை விடாமல், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெடிங் கத்தினாள். "துபாய்லேர்ந்து என் வீட்டுக்காரர் போட்டோ வந்துக்கிட்டு இருக்கு. இப்பதான் நெத்தி வரைக்கும் வந்திருக்கார்!"

"அவன் மூக்கு வர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்!"

கோபத்தோடு தெருமுனைக் கடைக்குப் போய் சிகரெட் கேட்டார். கடைக்காரி செடெங் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, இன்னைக்கும் சண்டையா?"

"அவ டயல்-அப்பைக் கொளுத்தணும்!"

"டயல்-அப்பா? அவ கேபிள் இன்டர்நெட் போட்டு ரொம்ப நாளாச்சே! டிவி கேபிள்லயே வருதாம். போனுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாதாம். போட்டோ எல்லாம் பட்டுனு முழுசா வந்து நிக்குது. நானே பார்த்தேன்."

பானோங்குக்குக் குழம்பியது.

"அப்போ என் காதுல கேட்டது என்ன?"

"எனக்கென்ன தெரியும்? காதைக் குடைஞ்சு பாரு."

சிகரெட்டைப் பற்றவைக்காமலே மெடிங் வீட்டுக்குள் நுழைந்தார்.

மேஜை மேல் ஒரு புதுக் கம்ப்யூட்டர். திரை நிறைய அவள் புருஷன், நெற்றி மூக்கு தொப்பையோடு முழுசாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதுதான் கேபிளா?"

"ஆமாம், மாங் பானோங். பழசுல அவரு நெத்தியோடயே நின்னுடுவாரு. இதுல கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஆளே வந்து..."

சொல்லிவிட்டு மெடிங் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மூலையில், தரையில், பழைய கம்ப்யூட்டர் ஒன்று முனகிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் யாரும் இல்லை. அதன் முதுகிலிருந்து டெலிபோன் வயர் சுவருக்குப் போனது.

பானோங் புதியதைப் பார்த்தார். பழையதைப் பார்த்தார். மறுபடி புதியதைப் பார்த்தார்.

"அவ்வளவு வேகமா ஒண்ணு இருக்கும்போது, இந்த நத்தை எதுக்கு?"

"அது... சும்மா... ஓடிக்கிட்டு..."

"ஆளே உட்காராத கம்ப்யூட்டருக்கு எதுக்கு இன்டர்நெட்? அதுவும் என் பொண்ணு கூப்பிடற நேரம் பார்த்து?"

"மாங் பானோங், அதுல கை வைக்காதீங்க, ப்ளீஸ்..."

வயரைப் பிடுங்கி எறிந்தார்.

"செத்தாலும் இதை மறக்க மாட்டேன். என் சவத்துக்குப் பின்னாடி நீ நடந்து வரக் கூடாது, சொல்லிட்டேன்!"

வீட்டுக்கு வந்து ரிசீவரை எடுத்தார். இரைச்சல் இல்லை. சுத்தமான 'ங்ங்' சத்தம். லைன் காலி.

நாற்காலியைப் போன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஏழு மணி ஆனது. ரிசீவரை எடுத்துப் பார்த்தார். 'ங்ங்.' லைன் நன்றாகத்தான் இருந்தது. எழுந்து காலண்டரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைதான்.

எட்டு மணி ஆனது. தட்டில் சோறு காய்ந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு மெடிங் வந்தாள். கையில் ஒரு தட்டு பான்சிட் நூடுல்ஸ். போன் வந்ததா என்று அவள் கேட்கவில்லை. மணி அடித்திருந்தால் பலகைச் சுவர் வழியாக அவளுக்கே கேட்டிருக்கும்.

பானோங்கின் குரல் இறங்கியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் புரியலை, மெடிங். லைன் காலியாத்தானே இருக்கு?"

மெடிங் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பெருநாளுக்கு முன்னாடி என் கம்ப்யூட்டர் கெட்டுப்போய்க் கிடந்துதே, ஞாபகம் இருக்கா? அப்பவும் ஞாயித்துக்கிழமை லைன் காலிதான். நீங்க இப்படியேதான் உட்கார்ந்திருந்தீங்க. சாப்பிடலை. யார்கிட்டயும் பேசலை. தாடிகூட வழிக்கலை. ரிப்பேராகி வந்த அன்னைக்கு லைன் எங்கேஜ்டு ஆனதும் சுவத்தைக் குத்தி என்னைத் திட்டினீங்க. திட்டிட்டு ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டீங்க."

பானோங் தாடையைத் தடவிக்கொண்டார்.

"மத்த நேரமெல்லாம் லைனைத் தொடறதே இல்லை, மாங் பானோங். நெனிடாவுக்கு ஞாயிறு முழுக்க லீவு. காலையில கூப்பிட்டாலும் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான்..."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு வாய் தின்றார்.

"எலுமிச்சை பிழிய மறந்துட்டே."

"கொண்டு வரேன்."

அவள் வாசல்வரை போனபோது கூப்பிட்டார்.

"ஏய், நான் இழுத்ததுல அந்த வயர் அறுந்துபோச்சா?"

"இல்லை. கழண்டுதான் வந்துச்சு."

"அப்போ அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு முன்னாடியே சொருகிடு" என்றார் பானோங், தலையை நிமிர்த்தாமல். "அதுதான் என் பொண்ணு கூப்பிடற நேரம்."