இருபது நிமிஷ புரோகிராம்

சரக்குப் பட்டியல் போடும் புரோகிராமை, ஒவ்வொரு கட்டளையாகச் செதுக்கி, மூன்று மாதத்தில் அசெம்பிளி மொழியில் எழுதி முடித்தேன். அதற்குள் பாதித் தலை வழுக்கை! எதிர் மேசைக்காரன் அதையே பேசிக் மொழியில் இரண்டே நாளில் கிறுக்கிவிட்டான்.

அவனுடையது ஓடி முடிய இருபது நிமிஷம். என்னுடையது கண் சிமிட்டுவதற்குள் பட்டியலைத் துப்பியது.

“எதை வச்சுக்கலாம்?” என்று மானேஜர் கம்ப்யூட்டர் ஆபரேட்டரைக் கேட்டார்.

“அவரு எழுதின பேசிக்கையே வச்சுக்கலாம் சார்.”

“ஏம்மா?” என்று அலறினேன். ஏழு மாடிக்கும் கேட்டிருக்கும்.

“அது ஓடி முடியறதுக்குள்ள நாங்க நிம்மதியா ஒரு டீ குடிச்சிடலாமே!”

மானேஜர் சிரித்துக்கொண்டே என் மூன்று மாத உழைப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கட்டின பெண்டாட்டியோடு ஆபீஸில் வைத்தா சண்டை போட முடியும்?