கேட்காமல் பதிந்த கிளி

சாரைப்பாம்புக்கு நடந்தது அநியாயம்தான். தோலுரிக்கும் நாட்களில் கண் மங்கிப்போய், "ஐயோ, ஒண்ணுமே தெரியலையே" என்று புற்றுக்குள் முனகியதை, எதிர்மரத்துக் கிளி அதே குரலில் காடெல்லாம் ஒப்பித்துவிட்டாள். கீரி வந்து புற்றைத் தோண்ட, சாரை தப்பியதே பெரும்பாடு.

கண் தெளிந்ததும் நேரே கிளியிடம் போனாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"எதுக்குக்கா கேட்கணும்? விடிஞ்சதிலிருந்து அடையிறவரைக்கும் காதில் விழுறதையெல்லாம் பதிஞ்சு வச்சு ஒப்பிக்கிறேன். இது என் நாளோட கதை. அதுக்குள்ளே நீங்க வந்தா நானா பொறுப்பு?"

"அடடா, என்ன நியாயம்!" என்று சிரித்தபடி சாரை மரத்தில் ஏறத் தொடங்கினாள்.

கிளி பதறினாள். "அக்கா! என்னைக் கேட்காம மேலே வர்றீங்களே!"

"எதுக்குடி கேட்கணும்? இது என் சாப்பாட்டு நேரம். அதுக்குள்ளே நீ உட்கார்ந்திருந்தா நானா பொறுப்பு?"