பதினேழாம் தாள்

"கோப்பைத் திறங்க. பதினேழாம் தாள், மூணாவது வரி. யாரும் வாய்விட்டுப் படிக்கக் கூடாது" என்றார் நீதிபதி.

குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்ட பொதுமக்கள், பன்னிரண்டு ஜூரர்களும், திறந்தார்கள். ரகசியத் தாள்களை அந்த நீதிமன்றத்தில் கண்ணால் மட்டுமே படிக்கலாம். நீதிபதியோ சாட்சியோ வரியின் எண்ணைச் சொல்வார், அவ்வளவுதான். படித்ததைக் சொந்த வீட்டாரிடம்கூடச் சாகும்வரை சொல்ல மாட்டோம் என்று எல்லோரும் சத்தியம் செய்திருந்தார்கள்.

பதவி போன பிறகும் அந்தத் தாள்களைத் தன் வீட்டுக் கார் கொட்டகையில் வைத்திருந்த முன்னாள் அதிபர், எதிரே உட்கார்ந்து இருமல் மிட்டாயின் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் ஜூரர் வெர்ன் டக்கெட் மூன்றாவது வரியைப் படித்தார்.

பள்ளத்தாக்கின் மேல் வரும் ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்த ஆட்கள் காத்திருக்கிறார்கள். பயணத்தை நிறுத்த வேண்டும். அதன் கீழே, பறக்கவிருந்த ஐந்து பேரின் பெயர்கள்.

நான்காவது பெயர் ஜோலீன் மார்ஷ்.

வெர்னின் மகள். கணவன் வீட்டுப் பெயர் என்பதால் ஒருவருக்கும் பொறி தட்டவில்லை.

அவள் ஹெலிகாப்டர் விழுந்து செத்தது இயந்திரக் கோளாறால் என்றுதான் ராணுவம் கடிதம் எழுதியிருந்தது. வெர்ன் படகு எஞ்சின் மெக்கானிக். எந்தப் பாகம் கைவிட்டிருக்கும் என்று ஆறு வருடமாக ஹெலிகாப்டர் கையேடுகளை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார்.

தாளின் ஓரத்தில், தடித்த கறுப்புப் பேனாவால், நாடே அறிந்த அந்த முன்னாள் அதிபரின் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'அப்புறம் பார்க்கலாம்.'

தேதி, அவள் பறந்ததற்கு இரண்டு நாள் முன்பு.

"என்ன ஏழு, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்று கிசுகிசுத்தாள் பக்கத்து நாற்காலிக்காரி, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.

"கண்ணாடி சரியில்ல."

நீதிபதி நிமிர்ந்தார். "இந்தத் தாள்ல பேர் இருக்கிற யாரையாவது உங்களுக்கு நேர்ல தெரியுமா? தெரிஞ்சா கையைத் தூக்குங்க."

தூக்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மனிதனைக் குற்றவாளி என்று சொல்லும் நாற்காலியில் வேறு யாரோ உட்காருவார்கள்.

வெர்ன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

'ஒருவருக்கும் தெரியாது' என்று பதிவானது.

மதிய உணவுக்குப் பின் அரசு வழக்கறிஞர் எழுந்தார். பதினேழாம் தாளை வைத்து வாதாடினால் உளவாளிகள் அம்பலமாகிவிடுவார்களாம். அந்தத் தாளுக்கான குற்றச்சாட்டை மட்டும் கைவிடுவதாகச் சொன்னார். காவலர் வந்து ஒவ்வொரு கோப்பிலிருந்தும் அந்தத் தாளை உருவிக்கொண்டு போனார்.

"அந்தத் தாளை நீங்க பாக்கவே இல்லைன்னு நினைச்சுக்கணும். முடியுமா?" நீதிபதி ஒவ்வொருவராகக் கேட்டார்.

ஆறு பேர் முடியும் என்றார்கள்.

அந்த மனிதனைக் குற்றவாளி என்று சொல்ல இன்னும் முப்பது தாள்கள் பாக்கி இருந்தன.

"முடியும்" என்றார் வெர்ன்.

முன்னாள் அதிபரின் வழக்கறிஞர் தொண்டையைச் செருமினார். "சின்ன வேண்டுகோள், யுவர் ஆனர். அந்தத் தாளோட அசல் எங்க ஐயாவுக்குத் திரும்ப வேணும். பின்பக்கத்துல ஒரு கோல்ஃப் வீரர் ஆட்டோகிராஃப் போட்டுக் குடுத்திருக்கார். அதுக்காகத்தான் ஐயா அதை எடுத்தே வச்சாரு. முன்பக்கத்துல என்ன இருக்குன்னே அவருக்கு ஞாபகம் இல்ல."

ஐயா ஆமாம் என்று தலையாட்டினார்.

நீதிபதி அடக்கப் பார்த்தும் சிரித்துவிட்டார். ஜூரர்களும் சிரித்தார்கள்.

ஒருவர் மட்டும் சிரிக்காமல் இருந்தால் கண்ணில் படும்.

வெர்னும் சிரித்தார்.