ஆற்று நடுவே நீலக் கதவு

வண்ணார்பேட்டை மாடியறையில், திரைச்சீலைக்குத் தப்பி வந்த வெயில் ஓவியர் தில்லைநாயகத்தின் வேட்டி மடிப்பில் கிடக்கிறது. கணினியில் அவர் வரைந்த தாமிரபரணி ஓடுகிறது. ஆற்று நடுவே சுவரில்லாமல் தனியாக ஒரு நீலக் கதவு நிற்கிறது. அதில் பூட்டுக்குப் பதிலாக ஒரு கெண்டை மீன். பல வருடங்களாக அவர் வரைந்த ஓவியங்கள் எல்லாவற்றிலும் வருகிற அதே கதவுதான். மீன் வாலை ஆட்டுகிறது. "எம்மா, மீன உயிரோடல்லா புடிச்சிருக்க!" என்று, ஓவியங்களை அனிமேஷனாக்கிய ஃபஹ்மிதாவிடம் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது. அகலத் திறந்திருந்த கதவு மெல்ல நகர்ந்து, கீற்றாகி, சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. "எல்லாத்துலயும் ஒரே மாதிரிதானே வரைஞ்சேன்? நீ ஏம்மா சாத்துன?" ஃபஹ்மிதா மவுஸிலிருந்து கையை எடுக்கிறாள். "நான் ஒண்ணும் சேக்கல ஐயா. ஒங்க படங்கள வருஷ வரிசையில ஓடவிட்டேன், அவ்வளவுதான்." தில்லைநாயகத்தின் மனைவி உலகம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறார்: "நம்ம பேச்சக் கேக்காம விஜயஸ்ரீ கல்யாணம் பண்ணிப் போன வருஷம் தொறந்துதான் கெடந்திருக்கு. பெத்த மவளுக்குக் கொஞ்சங்கொஞ்சமா நீங்கதான் சாத்திருக்கிய." இறைவனே அவள் விரலைப் பிடித்து நகர்த்தியதுபோல, ஃபஹ்மிதா யாரையும் கேட்காமல் படத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறாள். கீற்று அகலமாகிறது. கதவுக்கு அப்பால் பச்சை வயல் தெரிகிறது. தில்லைநாயகம் செல்பேசியை எடுக்கிறார். "அவ நம்பரு..." என்று இழுக்கிறார். அவர் முடிப்பதற்குள் உலகம்மாள் எதையும் பார்க்காமல், ஒவ்வோர் எண்ணாக, மனப்பாடமாகச் சொல்லத் தொடங்குகிறார்.