கரை எது

வேலூர் வக்கீலின் மேஜைமேல் சென்னைக் கடற்கரையின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. சன்னல் வெயில் அதன் நீலத்தில் பாதியை வெளுத்துக் காட்டுகிறது. நீலத்தின் நடுவே வக்கீல் வைத்திருக்கும் மைப்புள்ளிதான் வேற்று தேசத்துக் கப்பல். தோல்கட்டு ஏற்றப் போன பொன்னுரங்கத்தை அந்தக் கப்பலின் அதிகாரி ஒருவன் அடித்துக் கொன்றுவிட்டான். கப்பல் கரையிலிருந்து மூன்று மைலுக்குள் நின்றிருந்தால் நம் கோர்ட்டு அவனை விசாரிக்கும். தாண்டி நின்றிருந்தால் கேட்க ஆளில்லை. மூன்று மைல் அளவுக்கு வெட்டிய நூலை வக்கீல் கரையில் வைத்து இழுக்கிறார். நூல் புள்ளியைத் தொடவில்லை. பொன்னுரங்கத்தின் மனைவி அமிர்தவள்ளி நூல் முனையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அன்று பொன்னுரங்கத்தோடு கப்பலுக்குப் போயிருந்த வேதாசலம், தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் கறை ஏறிய விரல்களை மடக்கிக்கொள்கிறான்.

"கரையிலிருந்து மூணேகால்னு நீதானே சொன்னே?" என்கிறார் வக்கீல்.

"படகுக்காரர் சொன்னதுங்க ஐயா. பனைமரத்துல இருந்து மூணேகால்."

"பனைமரம் எப்படிக் கரையாகும்?"

"மரம் நிக்கிற எடந்தானே கரை? நம்ம பாலாத்துல தண்ணிய வச்சா கரை சொல்றோம்?"

"மரத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல மணல் எவ்ளோ?"

"அரை மைலுக்குக் கம்மி இல்லீங்க. காலெல்லாம் வெந்துபோச்சு."

"சட்டத்துக்குக் கடல் வத்தி நிக்கிற ஈர விளிம்புதான் கரை," என்று சொல்லிக்கொண்டே வக்கீல் பழைய புள்ளியை அடித்துவிட்டு, அரை மைல் கரைப் பக்கமாகத் தள்ளிப் புதிதாக ஒன்று வைக்கிறார். நூல் அதைத் தாண்டிக் கிடக்கிறது. வேதாசலம் மூச்சு விடுகிறான். அமிர்தவள்ளி காயாத மையின்மேல் விரல் வைக்கிறாள்.

"நெனச்சதைவிடக் கிட்டத்துலதான் இருந்திருக்காரு," என்கிறாள்.