பச்சைப் பொட்டு

ஸ்ரீவத்சன் அந்த ஷாக் அப்சார்பரைப் பட்டறை மேஜைமேல் எறிந்த வேகத்தில் டீ கிளாஸ் உருண்டு கீழே விழுந்து உடைந்தது.

ஈக்காட்டுத்தாங்கலில் இருபது வருடமாகப் பட்டறை நடத்துகிற வேதநாயகத்தின் முன்னால் இதுவரை எவனும் சாமானை எறிந்ததில்லை.

ஸ்ரீவத்சன் அபிராமபுரத்துக்காரர். குல்மார்க்கில் பனியில் ஓடும் ஸ்கூட்டர்களை வாடகைக்கு விடுகிறார். சீசன் முடிந்ததும் அவற்றின் ஷாக்குகள் சென்னைக்கு வரும். ஆயில் மாற்றி, சீல் மாற்றி, நைட்ரஜன் கேஸ் ஏற்றி அனுப்புவது வேதநாயகம். பனியை ஐஸ் பெட்டியில் மட்டுமே பார்த்த மனிதர்தான். ஆனால் அவர் வேலையில் ஒரு குறை வந்ததில்லை.

"நீ அடைச்ச கேஸ் நின்னிருந்தா வண்டி கவுந்திருக்காது. ஓட்டினவளுக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்லை, தெரியுமா? தப்பு உன்னோடதுன்னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடு."

நீட்டிய காகிதத்தை வேதநாயகம் படிக்கக்கூட இல்லை. போட்டால் போலீஸ், கோர்ட்டு, பட்டறைக்குப் பூட்டு. என்ன திமிர் இந்த ஆளுக்கு!

பெட்ரோல் துணியால் கேஸ் மூடியில் இருந்த அழுக்கைத் துடைத்தார். சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

கேஸ் ஏற்றி முடித்ததும் ஒவ்வொரு மூடியிலும் நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைப்பது அவர் வழக்கம். வருடத்துக்கு ஒரு நிறம். மனைவி காவேரிதான் தி. நகரில் தேடி வாங்கி வருவாள். இந்த வருடம் கத்திரிப்பூ நிறம்.

அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். நாலு பேர் முன்னால் மானம் போகட்டும்.

"எல்லாரும் பாருங்க. பச்ச கலர் கீது. போன வருசம் வச்ச பொட்டு. இந்த வருசம் சாரு இத்த அனுப்பவே இல்ல. பழி மட்டும் நம்ம மேல போட வந்துட்டாரு."

ஸ்ரீவத்சன் குனிந்து பார்த்தார். விரலால் பச்சையைத் தேய்த்தார். அது போகவில்லை.

"இது வாடகை வண்டியோடது இல்லை," என்றார் மெதுவாக. "வீட்டு வண்டிதானே, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு நான்தான் விட்டுட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

ஜெயித்த வேகத்தில் வேதநாயகம் காகிதத்தைக் கிழிக்க எடுத்தார். அப்போதுதான் முதல் வரி கண்ணில் பட்டது.

அடிபட்டவர்: அனன்யா. வயது: பத்தொன்பது. தகப்பனார் பெயர்: ஸ்ரீவத்சன்.