கன்னத்தில் ஈரம்

வாசல் திரைக்கு வெளியே செருப்பு வியாபாரி சுபான் பாய் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பது திரைக்கடியில் தெரிகிறது. மூன்று நாளாக ஆம்பூரில் வெயில் இல்லை. தெருவெல்லாம் தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் நாற்றம் அப்பிக் கிடக்கிறது. அவர் உள்ளே தள்ளிய தோல்கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து, பக்ருன்னிசா கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள். குளிர்கிறது. ஒதுக்குகிறாள். அடுத்ததும் குளிர்கிறது. காய்ந்ததென்று சிலதுதான் தேறுகிறது. ஈரத்தோலில் ஜரிகைப் பூ தைத்தால், காயும்போது தோல் இழுத்து இதழெல்லாம் சுருங்கிப் போகும். போன பெருநாளுக்கு அவசரத்தில் அப்படிக் கெடுத்த எட்டு ஜோடி இன்னும் பரணில் கிடக்கிறது.

“இன்னா ஆபா, இன்னும் பாத்துக்கினே இருக்கீங்க? பெருநாளைக்கு இருபது ஜோடி வேணும்.”

“மூணு ஜோடிக்குத்தான் எடுத்துக்கினேன் பாய். வாரத்துக்கு என் கை அவ்ளோதான். மிச்சத்தக் காயவெச்சி எடுத்தாங்க.”

“வெயிலுக்கு எங்க போவேன்?”

கட்டு திரைக்கடியில் வெளியே இழுபடுகிறது. காலடிகள் நாலு எட்டுப் போய் நிற்கின்றன. பக்கத்து வீட்டுத் திரையின் வளையங்கள் சலசலக்கின்றன. அங்கே ஹலீமாவும் பூ தைப்பவள்தான். பக்ருன்னிசாவின் ஊசியில் ஜரிகை நுழையமாட்டேன் என்கிறது. மூன்று முறை நழுவுகிறது. எழுந்து சுவரோரம் போகிறாள்.

“ஹலீமா, கன்னத்துல வெச்சிப் பாத்தியா?”

சுவருக்கு அந்தப் பக்கம், பூ தைக்கத் தோலில் துளை போடத் தொடங்கும் சத்தம் வருகிறது. காய்ந்த தோலின் ‘டக்’ இல்லை. சதசதவென்று, நிற்காமல், ஈரத்தோலின் சத்தம்.